கணினி தெரியாத நண்பர்களுக்கு லினக்ஸ் மின்ட் கொடுக்கலாமா?

விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச சிஸ்டம் லினக்ஸ்; அதில் பல வகை உண்டு. நான் என் கணினியில் வைத்திருப்பது டெபியன் என்ற வகை. நண்பர்கள் கேட்டால் கொடுப்பது லினக்ஸ் மின்ட். “உனக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணா?” என்று ஒருத்தி கேட்டே விட்டாள். ஆமாம், அப்படித்தான். எனக்குக் கணினியைக் குடைந்துகொண்டிருப்பது பொழுதுபோக்கு. அவளுக்கு அது மெயில் பார்க்க, மொழிபெயர்ப்பு வேலை செய்ய, ராத்திரி ஒரு படம் பார்க்க உதவும் பெட்டி. நேற்று எது எங்கே இருந்ததோ, இன்றைக்கும் அது அங்கேயே இருக்க வேண்டும். அவள் கேட்பது அவ்வளவுதான். நியாயமாகத்தான் கேட்கிறாள்.

ஆகையால் இந்த விமர்சனத்தில் என் அளவுகோல் வேறு. எவ்வளவு வேகம், எவ்வளவு அழகு, எத்தனை ஜிபி ராம் தின்கிறது என்பதெல்லாம் அப்புறம். இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்துவிட்டு நான் கிளம்பி வந்த பிறகு போன் வருகிறதா, வந்தால் எதற்கு வருகிறது என்பதைத்தான் பார்க்கிறேன். விமர்சிப்பது மின்ட் 22 வரிசையை, அதிலும் சின்னமன் என்ற டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பை.

இப்போது ஏன் இத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. தனிப்பட்ட பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஓராண்டு என்று ஒரு நீட்டிப்பையும் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், உள்ளே எஸ்எஸ்டி என்று கல்லு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைப் பார்த்து “நீ தகுதியில்லை” என்று திரையில் வருகிறது. அதைப் பார்த்த பிறகுதான் நண்பர்களுக்கு நம் ஞாபகம் வருகிறது.

அந்த நேரத்தில் கட்டற்ற மென்பொருள், பயனரின் சுதந்திரம், 1983இல் அதற்குப் பிள்ளையார் சுழி போட்ட ரிச்சர்டு ஸ்டால்மன் என்று ஆரம்பித்தோமானால் ஆள் மெதுவாக நழுவிவிடுவார். அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் அவர் வந்திருப்பது லேப்டாப்பைக் குப்பையில் போடாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்க. முதலில் அந்த வேலையை முடிப்போம். சுதந்திரத்தைப் பற்றி அவரே கேட்கிற நாள் வரும்.

மின்ட்டில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், இன்ஸ்டால் பண்ணாமலேயே அதைக் காட்ட முடிவதுதான். பெரும்பாலான லினக்ஸ்களில் இந்த வசதி உண்டு என்பது சரி. மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, எட்சர் போன்ற ஒரு கருவியால் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை பூட் செய்தால் மின்ட் அப்படியே ஓடும். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாக இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் “இதுக்கு என் பழைய விண்டோஸே தேவலாம்” என்று எழுந்துவிடுவார்கள்.

இறக்கும்போது ஒரு ஜாக்கிரதை. 2016 பிப்ரவரியில் மின்ட்டின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இறக்கச் சுட்டியை மாற்றி, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். மின்ட் குழுவே அதை உடனே வெளிப்படையாக அறிவித்தது. எதையும் மூடி மறைக்கவில்லை. இருந்தாலும் அன்றிலிருந்து ஷா256 கூட்டுத்தொகையை, அதாவது கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் எண்வரிசையைச் சரிபார்க்காமல் எந்த ஐஎஸ்ஓவையும் நான் அடுத்தவர் கணினியில் ஏற்றுவதில்லை. இரண்டு நிமிட வேலை. அடுத்தவர் கணினி என்பதால்தான் அது கட்டாயம்.

பென்டிரைவில் ஓடும்போது நான் எதையும் செய்துகாட்டுவதில்லை. நாற்காலியை அவர்களிடமே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பள்ளித் தோழன் ஒருவன் கணக்கு எழுதிப் பிழைப்பவன். உட்கார்ந்ததும் கை தானாகவே இடது கீழ் மூலைக்குப் போனது. மெனு அங்கேதான் இருந்தது. வலது மூலையில் மணி, வைஃபை, ஒலி. ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து தன் மெயிலைப் பார்த்தான். பிறகு கோப்புகளைத் திறந்தான், ஒரு நிமிடம் முழித்தான். “டேய், சி டிரைவ் எங்கடா போச்சு?” இந்தக் கேள்வி எல்லோரிடமிருந்தும் வரும். சி, டி என்று டிரைவ்கள் கிடையாது, உன் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதற்குள் ஆவணங்கள், படங்கள், இறக்கியவை எல்லாம் இருக்கின்றன என்றால் போதும். வேர் கோப்பகம், மவுன்ட் பாயின்ட் என்று விளக்க ஆரம்பித்தால் கதை கந்தல்.

அவர்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது நான் பார்க்க வேண்டியவை சில உண்டு. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, வெப்கேமில் முகம் தெரிகிறதா, வெளிச்சம் கூட்டும் பொத்தான் வேலை செய்கிறதா. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மூடியை மூடித் திறந்தால் கணினி தூங்கி எழுகிறதா. இந்தக் கடைசிச் சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூடியைத் திறந்ததும் திரை கறுப்பாகவே இருந்தால், வேறு எதுவும் தெரியாத நண்பருக்கு அது “கணினி செத்துப் போச்சு” என்றுதான் படும். அப்படிப்பட்ட லேப்டாப் ஒன்று என்னிடம் வந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, “இது இதுக்கு ஒத்து வராது, விண்டோஸிலேயே இரு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும் ஏற்றிக் கொடுத்திருந்தால் வாரா வாரம் அவன் வீட்டில்தான் இருந்திருப்பேன்.

வைஃபை பிடிக்கவில்லையென்றால் உடனே கைவிட வேண்டாம். சில பிராட்காம் சிப்புகளுக்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வரும். போனை யுஎஸ்பி வயரில் செருகி டெதரிங்கை ஆன் செய்தால் மின்ட் அதை உடனே பிணைய இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜர் என்ற கருவியைத் திறந்தால் எது தேவையென்று அதுவே சொல்லிவிடும்.

இன்ஸ்டால் பற்றிப் பேச அதிகம் இல்லை. மொழி, கீபோர்டு, நேர மண்டலம், பெயர், கடவுச்சொல், அவ்வளவுதான். நடுவில் மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று ஒரு சிறு கட்டம் வரும். அதை டிக் செய்ய மறந்தால் பிறகு வீடியோ ஓடவில்லை என்று போன் வரும். டிஸ்க்கைப் பிரிக்கும் பக்கம் மட்டும்தான் பயமுறுத்தும். அதை நண்பர் கையில் விடாமல் நானே செய்வேன். விண்டோஸும் இருக்கட்டும், மின்ட்டும் இருக்கட்டும் என்று இரட்டை பூட் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் அந்தப் பகுதியை லினக்ஸ் பக்கமிருந்து படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. “கோப்பு சேமிக்க மாட்டேங்குது” என்று அதற்கொரு போன் வரும். அதைவிடப் பெரிய காரணம், இரண்டும் இருந்தால் சின்ன இடறல் வந்தாலும் கை பழைய பக்கமே போகும். ஒன்றில் இருப்பவர்தான் அதைப் பழகுவார்.

அதனால் நான் செய்வது வேறு. மின்ட் ஏற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவர்கள் விண்டோஸிலேயே இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், வேர்டு, எக்ஸெல் வேலைக்கு லிப்ரே ஆபிஸ், படம் பார்க்க விஎல்சி மூன்றையும் போட்டுக் கொடுத்துவிடுவேன். அன்றாட வேலையை அதிலேயே செய்யட்டும். பெரும்பாலானவர்களுக்குக் கணினி என்பது இந்த மூன்றும்தான். அதற்கடியில் ஓடும் சிஸ்டம் மாறும்போது மேலே எல்லாம் பழகிய முகமாகவே இருக்கும். லிப்ரே ஆபிஸ் பிடிக்கவில்லையென்றால் அதுவும் விண்டோஸில் இருக்கும்போதே தெரிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

பேக்கப் இல்லையென்றால் இன்ஸ்டால் இல்லை. இதில் நட்பு, தாட்சண்யம் எதுவும் கிடையாது. வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாப் படங்களும் ஆவணங்களும் ஏறி, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் பென்டிரைவை எடுப்பேன். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு ஆனில் இருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எழுதி வாங்கிவிடுவேன். “அப்ப என் விண்டோஸ் லைசென்ஸ் போச்சா?” என்று கேட்பார்கள். டிஜிட்டல் உரிமம் அந்தக் கணினியோடு பிணைந்தது. என்றைக்காவது மறுபடி அதே விண்டோஸை ஏற்றினால் தானாக ஆக்டிவேட் ஆகும். இதைச் சொன்னதும் பாதிப் பேருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் யாரும் கிளம்புவார்கள்.

இனி, போன் எதற்கு வரும் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

என் அனுபவத்தில் முதலில் வருவது இது. பக்கத்து வீட்டு டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, ஒரு எக்ஸ்இ ஃபைல் டவுன்லோட் பண்ணேன், ரெண்டு தடவை கிளிக் பண்ணியும் திறக்க மாட்டேங்குது.” ஏதோ ஒரு தளத்திலிருந்து பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருளை இறக்கியிருக்கிறார். காலம் காலமாகப் பழகிய வழி அதுதான்: தேடு, கண்ட தளத்தில் இறக்கு, கிளிக் பண்ணு. எக்ஸ்இ என்பது விண்டோஸுக்கான கோப்பு. மின்ட்டில் அதற்குப் பதில் சாஃப்ட்வேர் மேனேஜர். போனில் ஆப் ஸ்டோர் மாதிரி என்றதும் டீச்சர் பிடித்துக்கொண்டார். தேடல் கட்டத்தில் பிடிஎஃப் என்று அடித்தார், பிடிஎஃப் அரேஞ்சர் வந்தது, இன்ஸ்டால் அழுத்தினார், முடிந்தது. அந்த எக்ஸ்இ விண்டோஸில் திறந்திருந்தால் கூடவே என்னென்ன வந்து உட்கார்ந்திருக்குமோ.

இந்தச் சாஃப்ட்வேர் மேனேஜரில் மின்ட்காரர்கள் எடுத்திருக்கும் ஒரு முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எந்த லினக்ஸிலும் ஓடும் ஃபிளாட்பேக் என்ற பொட்டல வடிவில் வருபவற்றில், மென்பொருளை உருவாக்கியவர்களே வெளியிட்டது என்று உறுதியாகாதவற்றை மின்ட் 22 இயல்பாகவே மறைத்துவைக்கிறது. வேண்டுமென்றால் அமைப்புகளில் போய்த் திறந்துகொள்ளலாம். நமக்கு அது எரிச்சல். டீச்சருக்கு அதுதான் பாதுகாப்பு.

அடுத்த போன் கீரிங், அதாவது கடவுச்சொற்களை வைக்கும் பெட்டகம் பற்றி. மின்ட்டின் பெரிய குறை என்று நான் சொல்வது இதைத்தான். கணினியை ஆன் செய்ததும் கடவுச்சொல் கேட்காமல் நேராக உள்ளே போகும்படி வைத்திருந்தால், குரோம் மாதிரி பிரவுசரைத் திறக்கும்போது திடீரென்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி எழும்பும். நீங்கள் உள்நுழைந்தபோது லாகின் கீரிங் திறக்கப்படவில்லை, கடவுச்சொல் கொடு என்று ஆங்கிலத்தில் சொல்லும். உள்ளே நடப்பது என்னவென்றால், பிரவுசர் தன் ரகசியங்களை வைத்திருக்கும் பெட்டகம் வழக்கமாக நம் லாகின் கடவுச்சொல்லைக் கொண்டே தானாகத் திறந்துகொள்ளும். நாம் கடவுச்சொல்லே அடிக்காமல் உள்ளே வந்துவிட்டதால் அது பூட்டியபடியே கிடக்கிறது. இதெல்லாம் நமக்குப் புரியும். மொழிபெயர்ப்பாளத் தோழி என்ன நினைத்தாள் தெரியுமா? யாரோ தன் கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று லேப்டாப்பையே அணைத்துவிட்டாள். “நீ போட்டுக் கொடுத்ததுல வைரஸே வராதுன்னு சொன்னியே?” வராது என்று நான் சொல்லவே இல்லை, அது வேறு கதை. தானாக உள்ளே போகும் வசதியை எடுத்துவிட்டேன், பெட்டி அதன் பிறகு எழும்பவில்லை. மின்ட்காரர்கள் இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டியில் மனிதர்களுக்குப் புரியும்படி இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

அதே தோழியின் இன்னொரு கவலை தமிழ். நாள் முழுக்கத் தமிழில் அடிப்பவள், தமிழ்99 கீபோர்டு பழக்கம். விண்டோஸில் அதற்கு என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள் வைத்திருந்தாள். அது இங்கே கிடையாது. ஆனால் தேவையும் இல்லை. கீபோர்டு அமைப்புகளில் லேஅவுட் பக்கத்துக்குப் போய்த் தமிழ்நெட் 99ஐச் சேர்த்தால் போதும். பணிப்பட்டையில் மொழிக் குறி வந்துவிடும், ஒரு குறுக்குவிசையில் மாற்றிக்கொள்ளலாம். அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும் அதற்கான எம்17என் தொகுப்பும் போட வேண்டும்; அதை நாமே செய்து கொடுத்துவிடுவது நல்லது. அவளிடம் பாமினி எழுத்துருவில் பழைய கோப்புகள் ஒரு குவியல் இருந்தன. அந்த எழுத்துருவை நிறுவியதும் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. மெனுக்களையும் தமிழிலேயே வைக்கலாம். மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லாததால் அங்கங்கே ஆங்கிலம் தலைகாட்டும். அவளுக்கு அந்த அரைகுறை பிடிக்கவில்லை, தொழில் அப்படி. ஆங்கிலத்துக்கே மாற்றச் சொல்லிவிட்டாள்.

லிப்ரே ஆபிஸைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வேர்டு கோப்பைத் திறக்கும், திருத்தும், திருத்தங்களைத் தடம் பிடித்துக் காட்டும். காலிப்ரி இல்லாத இடத்தில் கார்லிட்டோ என்ற எழுத்துரு அதே அகலத்தில் வந்து உட்காரும், அதனால் வரிகள் பெரும்பாலும் கலையாது. ஆனால் அட்டவணைக்குள் அட்டவணை, பக்கவாட்டில் மிதக்கும் படம், வளைத்துப் போட்ட தலைப்பு என்று யாராவது கைவரிசை காட்டியிருந்தால் ஏதாவது ஒன்று நகர்ந்திருக்கும். நான் கொடுக்கும்போதே இரண்டு மாற்றம் செய்துவிடுவேன். வேர்டு மாதிரியே மேலே தாவல்கள் தெரியும்படி தோற்றத்தை மாற்றுவேன். சேமிப்பது இயல்பாகவே டாக்எக்ஸ் வடிவில் ஆகும்படி வைத்துவிடுவேன். திறந்த வடிவமான ஓடிடியை விட்டுவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கொள்கைப் பற்றுள்ள நண்பர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். அனுப்பிய கோப்பு எதிராளிக்குத் திறக்கவில்லை என்றால் போன் எனக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது.

கணக்கெழுதும் தோழனுக்கு இந்த இடத்தில்தான் இடித்தது. அவனுடைய எக்ஸெல் கோப்புகளில் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல், ஏகப்பட்டது. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் சில ஓடின, சில ஓடவில்லை. அலுவலக வேலைக்கு விண்டோஸ் கணினி, வீட்டில் மின்ட் என்று பிரித்துக்கொண்டான். அதுதான் சரி. ஃபோட்டோஷாப்பிலோ ஆட்டோகேடிலோ பிழைப்பவருக்கு மின்ட்டைச் சிபாரிசு செய்யவே கூடாது. பிள்ளைகள் வாலரன்ட், ஃபோர்ட்நைட் ஆடும் கணினியிலும் வேண்டாம். அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு ஏற்பாடு லினக்ஸில் ஆட விடாது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் உள்ள மற்ற ஏராளமான விளையாட்டுகள் புரோட்டான் என்ற இடைமென்பொருள் வழியாக ஓடுகின்றன என்பது வேறு. “எல்லாத்துக்கும் மாற்று இருக்கு” என்று அடித்துவிடும் லினக்ஸ்காரர்களால்தான் பாதிப் பேர் ஒரு வாரத்தில் திரும்பி ஓடுகிறார்கள்.

இப்போது மின்ட் ஜெயிக்கும் இடம். பணிப்பட்டையில் ஒரு சின்னக் கேடயம் இருக்கும், அதுதான் அப்டேட் மேனேஜர். அப்டேட் வந்தால் அதில் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். வேலைக்கு நடுவில் திரையை மறிக்காது, தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் இந்த அடக்கம் கணினி தெரியாதவர்களிடம் வேறு மாதிரி வேலை செய்யும். சொன்னால்தானே அழுத்துவார்கள்? டீச்சரின் கணினியைக் கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தபோது கேடயத்துக்குள் அப்டேட்கள் மலையாகக் குவிந்திருந்தன. “அது ஏதோ சின்னப் படம்னு இருந்துட்டேன் தம்பி.” ஆகவே தானியங்கி அப்டேட்டை அதன் விருப்பங்கள் பக்கத்தில் நாமே ஆன் செய்துவிட வேண்டும். சிஸ்டத்தின் மையமான கெர்னலின் பழைய பதிப்புகளைத் தானாக நீக்கும் தேர்வும் அங்கேயே இருக்கிறது, அதையும் சேர்த்து. இல்லையென்றால் கெர்னல் மேல் கெர்னலாகச் சேர்ந்து டிஸ்க்கை நிரப்பும்.

தானாக அப்டேட் ஆகி ஏதாவது உடைந்தால்? அதற்கு டைம்ஷிஃப்ட். சிஸ்டம் கோப்புகளை மட்டும் தேதிவாரியாக எடுத்து வைத்துக்கொள்ளும். ஏதாவது கோளாறென்றால் நேற்றைய தேதியைத் தேர்ந்தெடுத்து மீட்டால் சிஸ்டம் நேற்றிருந்தபடி ஆகிவிடும். கணினி பூட்டே ஆகவில்லையென்றாலும் அந்தப் பழைய பென்டிரைவிலிருந்து மின்ட்டை ஓடவிட்டு, அதிலிருந்தே மீட்கலாம். அதனால் பென்டிரைவை நண்பரிடமே விட்டுவிட்டு வருகிறேன். தினம் ஒன்று, வாரம் ஒன்று என்று கணக்கை அளவாக வைத்தால் டிஸ்க்கும் நிரம்பாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: டைம்ஷிஃப்ட் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் எடுத்து வைக்காது, அதற்கு வெளி டிஸ்க்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைப் பற்றி இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருக்கலாம். டீச்சர் அதைத் திறந்ததே இல்லை, திறக்க வேண்டியும் வரவில்லை. வயரில்லாமல் இயங்கும் அவருடைய பிரின்டரைக்கூட மின்ட் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது. புதிய பிரின்டர்களில் பெரும்பாலானவை டிரைவர் இல்லாமலே அச்சடிக்கும் முறையை ஆதரிப்பதால் வந்த சௌகரியம் இது. ஒரு காலத்தில் லினக்ஸில் பிரின்டர் என்றாலே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி.

மற்ற லினக்ஸ்கள்? உபுண்டு நல்ல சிஸ்டம்தான், மின்ட்டே அதன் மேல் கட்டியதுதான். ஆனால் அதன் டெஸ்க்டாப் விண்டோஸிலிருந்து வருபவருக்கு அந்நியம். ஜோரின் பார்க்க அழகாக இருக்கிறது. தன் 18ஆம் பதிப்பை விண்டோஸ் 10 முடிந்த அதே நாளில் வெளியிட்ட சாமர்த்தியத்தையும் ரசித்தேன். தோற்றத்துக்கு முக்கியத்துவம் கொடுக்கும் நண்பர் என்றால் அதையும் பென்டிரைவில் காட்டலாம். ஃபெடோராவை எனக்குப் பிடிக்கும், நண்பர்களுக்குக் கொடுக்க மாட்டேன். ஆறு மாதத்துக்கொரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதமே ஆதரவு. யார் போய் மாற்றிக்கொண்டிருப்பது? மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் பேச்சை எடுத்தவன் கடைசியில் அந்தக் கணக்குத் தோழன்தான். “காசே வாங்காம யாருடா இத செஞ்சு தர்றாங்க? நம்ம டேட்டாவ எடுத்து விக்கிறாங்களா?” கணக்கெழுதுபவன் வேறெப்படிக் கேட்பான்? லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய கெர்னலுக்கு இன்று பெரிய நிறுவனங்களே சம்பளம் கொடுத்து ஆள் வைத்து எழுதுகின்றன, ஏனென்றால் அவர்களுடைய சர்வர்களும் அதில்தான் ஓடுகின்றன. மின்ட்டைக் கிளெமன்ட் லெஃபெவ்ர் என்பவர் 2006இல் தொடங்கினார். நன்கொடையிலும் ஆதரவாளர்கள் தரும் பணத்திலும் ஓடுகிறது, மாதா மாதம் வந்த நன்கொடைக் கணக்கைத் தங்கள் தளத்திலேயே போடுகிறார்கள். கணக்கு போடுகிறார்கள் என்றதும் அவன் முகம் மாறியது. அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, கூட்டல் சரியா என்று பார்ப்பவன் போல ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் அந்த மெனு பட்டனின் கதையைச் சொன்னேன். 2011இல் க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் 3ஆம் பதிப்பு வந்தபோது பழைய பணிப்பட்டை, மெனு எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புது மாதிரியாகக் கொடுத்தார்கள். பலருக்குப் பிடிக்கவில்லை. மூல நிரலை யாரும் எடுத்து மாற்றலாம் என்று அதன் உரிமமே சொன்னதால், மின்ட்காரர்கள் க்னோம் ஷெல்லின் நிரலையே எடுத்துப் பிரித்து, பழகிய மாதிரியிலேயே ஒரு டெஸ்க்டாப் கட்டிக்கொண்டார்கள். அதுதான் சின்னமன். யாரிடமும் கெஞ்சவில்லை, யாரும் வழக்குப் போடவில்லை. “நீ முதல்நாள் உட்கார்ந்ததும் கை போச்சே இடது மூலைக்கு, அது அங்க இருக்குறதுக்குக் காரணம் அந்த உரிமம்தான்” என்றேன். “இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றான். முதலில் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான், அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

மற்றபடி, எதை இறக்குவது என்பது. 8 ஜிபி ராம் இருந்தால் சின்னமன், யோசிக்கவே வேண்டாம். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அலங்காரம் குறைவு, மெனு அதே மூலையில்தான். மின்ட் 2 ஜிபியே போதும் என்று சொல்கிறது. சிஸ்டம் ஓடும்தான், ஆனால் பிரவுசரில் நாலு தாவல் திறந்தால் திணறும். ராம் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். டிஸ்க் இன்னும் பழைய சுழலும் வகை என்றால் அதை மாற்றி ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் மின்ட்டை மட்டும் ஏற்றிவிட்டு “இப்ப பறக்கும் பாரு” என்று நண்பரிடம் சொல்லாதீர்கள்.